அளந்த சுமை: விளையாட்டுக் காயமும் இயன்முறை மருத்துவ ஆய்வும்

விளையாட்டு மறுவாழ்வு என்பது, காயம்பட்ட உடலை மீண்டும் ஆட்டத்தின் சுமையைத் தாங்கும் நிலைக்குக் கொண்டுவரும் துறை. வலி நிற்பது வேறு, சுமை தாங்குவது வேறு. முழங்கால் வீக்கம் வடிந்து, படி ஏறி இறங்க முடிகிற ஒருவர் அன்றாட வாழ்வுக்குக் குணமாகிவிட்டார். கபடியில் பாடிப் போகிறவரோ அதே முழங்காலை ஊன்றி, எதிரணியினர் சேர்ந்து பிடித்திழுக்கும்போது உடலைத் திருப்பிக் கோட்டை நோக்கித் தாவ வேண்டும். இந்த இரண்டு நிலைகளுக்கும் இடையே உள்ள தூரத்தை எப்படிக் கடப்பது என்பதே இத்துறையின் மையக் கேள்வி.

நெடுங்காலம் அதற்கு ஒரே பதில்தான் இருந்தது: ஓய்வு. கட்டுப் போட்டு அசையாமல் வைத்திருந்தால் காயம் தானே ஆறும், வலி போனதும் ஆடலாம் என்று சுளுக்கு நீவுகிறவரும் சொன்னார், அறுவை மருத்துவரும் சொன்னார். கடந்த அறுபது ஆண்டுகளில் பல்கலைக்கழக ஆய்வுகள் இந்தப் பதிலைப் படிப்படியாக மாற்றியிருக்கின்றன. தசையும் நாணும் எலும்பும் வலுப்பெறுவது சுமையால். அதை எவ்வளவு, எப்போது, எந்த வேகத்தில் ஏற்றுவது என்று அளந்து தருவதே சிகிச்சை. இயன்முறை மருத்துவம் கைப்பக்குவம் என்ற நிலையிலிருந்து அறிவியல் என்ற நிலைக்கு வந்ததும் இந்த அளவைத் தேடிய வழியில்தான்.

ஓய்வின் விலை

1966இல் அமெரிக்காவின் டாலஸ் நகரில், டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் தென்மேற்கு மருத்துவப் பள்ளியில் ஒரு சோதனை நடந்தது. நல்ல உடல்நலத்தோடு இருந்த இருபது வயது இளைஞர்கள் ஐந்து பேர் 20 நாள் படுக்கையிலேயே வைக்கப்பட்டார்கள். அவர்களுக்கு நோயும் இல்லை, காயமும் இல்லை, படுத்திருந்தது மட்டும்தான். முடிவில், கடும் உழைப்பின்போது உடல் பயன்படுத்தக்கூடிய ஆக்சிஜனின் உச்ச அளவு நான்கில் ஒரு பங்குக்கு மேல் சரிந்திருந்தது. பிறகு எட்டு வாரம் பயிற்சி கொடுத்ததும் அது திரும்பியது.

முப்பது ஆண்டுகள் கழித்து அதே ஐந்து பேரையும் மறுபடி அளந்தார்கள். ஐம்பது வயதில் அவர்களிடம் இருந்த திறன், இருபது வயதில் மூன்று வாரப் படுக்கை முடிந்து எழுந்தபோது இருந்ததைவிட மேலாக இருந்தது. முப்பது ஆண்டு முதுமை செய்யாத சேதத்தை மூன்று வார ஓய்வு செய்திருக்கிறது. ஐந்தே பேர் என்பதால் இந்தச் சோதனையை மட்டும் வைத்துப் பெரிய விதி எழுத முடியாது. ஆனாலும் ஓய்வுக்கும் பக்கவிளைவு உண்டு, மருந்தைப் போல அதையும் அளவோடுதான் கொடுக்க வேண்டும் என்பதை மருத்துவ உலகம் மறக்க முடியாதபடி அது காட்டிவிட்டது.

கைப்பக்குவத்திலிருந்து பல்கலைக்கழகத்துக்கு

உடற்பயிற்சியை முறையான சிகிச்சையாகக் கற்பித்த முதல் நிறுவனங்களுள் ஒன்று ஸ்டாக்ஹோமில் எழுந்தது. பேர் ஹென்ரிக் லிங் 1813இல் அங்கே உடற்பயிற்சி நடுவண் கழகத்தைத் தொடங்கினார். 1894இல் லண்டனில் நான்கு செவிலியர்கள் சேர்ந்து, பயிற்சி பெற்ற உடல்பிடிப்பாளர்களுக்கான சங்கத்தை அமைத்தார்கள். இன்றைய பிரிட்டிஷ் இயன்முறை மருத்துவர் சங்கம் அதன் வழி வந்தது. நியூசிலாந்தின் டுனெடின் நகரில் ஒட்டாகோ இயன்முறைப் பள்ளி 1913இல் தொடங்கியது. இந்தியாவில் 1950களின் தொடக்கத்தில் மும்பை கே.இ.எம். மருத்துவமனையில் முதல் பள்ளி அமைந்தது.

சுமைக்கு முதலில் எண்ணைக் கொடுத்தவர் தாமஸ் டிலோர்ம் என்ற அமெரிக்க இராணுவ மருத்துவர். இளமையில் முடக்குக் காய்ச்சலால் படுத்து, பிறகு எடை தூக்கியே தம் உடலைத் தேற்றிக்கொண்டவர் அவர். இரண்டாம் உலகப் போரில் காயம்பட்டு வந்தவர்களால் சிகாகோவின் கார்டினர் மருத்துவமனை நிரம்பி வழிந்தது. முழங்கால் அறுவைக்குப் பின் அவர்களுக்கு மாதக்கணக்கில் மென்மையான பயிற்சிகளே தரப்பட்டன. தசை தேறவில்லை, படுக்கையும் காலியாகவில்லை. டிலோர்ம் அவர்களுக்குக் கனமான எடையைக் கொடுத்து, வாரந்தோறும் அதைக் கூட்டினார். 1945இல் அதன் பலன்களை வெளியிட்டார்.

ஒருவரால் சரியாகப் பத்து முறை மட்டும் தூக்க முடிகிற எடையைக் கண்டறிய வேண்டும். முதலில் அதில் பாதியைப் பத்து முறை, அடுத்து முக்கால் பங்கைப் பத்து முறை, கடைசியில் முழு எடையைப் பத்து முறை தூக்க வேண்டும். வாரம் ஒருமுறை எடையை மறுபடி அளக்க வேண்டும். அவர் பின்னர் சுருக்கி வகுத்த இந்த முறைதான், இன்றும் உடற்பயிற்சிக்கூடங்களில் வழங்கும் 'மூன்று செட், பத்து ரெப்' என்ற பேச்சுக்கு மூலம்.

திசு சுமையை எப்படி உணர்கிறது

எலும்பையும் எலும்பையும் கட்டுவது பிணைநார், தசையை எலும்போடு கட்டுவது தசைநாண். இரண்டும் கொல்லாஜன் என்ற புரத இழைகளால் முறுக்கப்பட்ட கயிறுகள். இழைகளுக்கு நடுவே உயிரணுக்கள் வரிசையாக இருக்கின்றன. கயிறு இழுபடும்போது அந்த உயிரணுக்களும் இழுபடுகின்றன, ஒன்றோடொன்று உரசுகின்றன. அந்த இழுவிசை உயிரணுவுக்குள் வேதிச் செய்தியாக மாறி, புதிய கொல்லாஜனை நெய்யச் சொல்கிறது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கரிம் கானும் அலெக்ஸ் ஸ்காட்டும் இந்தச் செயல்முறையை 2009இல் இயன்முறை மருத்துவர்களுக்காக விளக்கி எழுதினார்கள். பயிற்சி என்பது உயிரணுவுக்கு அனுப்பும் கட்டளை என்ற புரிதல் அதன்பின் இத்துறையின் அடிப்படைப் பாடமானது.

கட்டளைக்கும் நேரக் கணக்கு உண்டு. கடுமையான பயிற்சிக்குப் பின் தசைநாணில் கொல்லாஜன் உற்பத்தி ஏறக்குறைய ஒரு நாளில் உச்சத்தைத் தொட்டு, மூன்று நாள்வரை உயர்ந்த நிலையில் இருப்பதைக் கோபன்ஹேகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்டார்கள். டென்மார்க்கில் 2013இல் வெளியான இன்னொரு ஆய்வு வியப்பான வழியில் நடந்தது. 1950களிலும் 60களிலும் நடந்த அணுகுண்டுச் சோதனைகள் காற்றில் கார்பன்-14 அளவை உயர்த்தியிருந்தன. அக்காலத்தில் வளர்ந்தவர்களின் உடலில் அதன் தடம் பதிந்தது. குதிகால் நாணின் நடுப்பகுதியில் அந்தத் தடத்தை அளந்தபோது, பதினேழு வயதுவாக்கில் உருவான திசு பல பத்தாண்டுகளுக்குப் பின்னும் ஏறக்குறைய அப்படியே இருந்தது. தசையோ தொடர்ந்து புதுப்பிக்கப்பட்டிருந்தது. தசைக் காயம் வாரங்களில் தேற, நாண் நோய் மாதங்களாக இழுப்பதற்கு இது ஒரு விளக்கம்.

கணுக்கால் சுளுக்கு: முதல் வாரத்திலேயே அசைவு

விளையாட்டு மைதானத்தில் மிகவும் பழக்கமான காயம் கணுக்கால் சுளுக்கு. அதற்கான முதலுதவியை ஓய்வு, பனிக்கட்டி, இறுக்குக்கட்டு, காலை உயர்த்தி வைத்தல் என்று நான்கு சொற்களில் 1978இல் வகுத்தவர் அமெரிக்க மருத்துவர் கேப் மிர்கின். அந்த நான்கின் ஆங்கில முதலெழுத்துகள் சேர்ந்து 'ரைஸ்' என்ற சொல்லானதால் அது உலகம் முழுவதும் பரவியது. 2014இல் மிர்கினே தம் கருத்தை மாற்றிக்கொண்டு, பனிக்கட்டியும் முழு ஓய்வும் ஆறுவதைத் தாமதப்படுத்தக்கூடும் என்று எழுதினார்.

அந்த மாற்றத்துக்கு வலுச் சேர்த்த ஆய்வுகளுள் ஒன்று வட அயர்லாந்தின் அல்ஸ்டர் பல்கலைக்கழகத்தில் நடந்தது. கிறிஸ் பிளீக்லியும் உடன் ஆய்வாளர்களும் கணுக்கால் சுளுக்கிய 101 பேரைக் குலுக்கல் முறையில் இரு குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு வழக்கமான முதலுதவி. மற்றக் குழுவுக்கு அதோடு சேர்த்து முதல் வாரத்திலேயே கணுக்கால் பயிற்சிகள். 2010இல் வெளியான முடிவின்படி, பயிற்சி செய்தவர்களின் கால் முதல் சில வாரங்களில் நன்றாக இயங்கியது. மறுபடி சுளுக்கியவர்களின் எண்ணிக்கையில் இரு குழுக்களுக்கும் வேறுபாடு இல்லை. இரண்டு ஆண்டுகளுக்குப் பின் பிளீக்லியும் அவருடைய கூட்டாளிகளும் 'ஓய்வு' என்ற சொல்லை எடுத்துவிட்டு, 'தகுந்த சுமை' என்று புதிய முதலுதவி வாய்பாட்டை முன்வைத்தார்கள். எலும்பு முறிவு இல்லை என்று உறுதியான சுளுக்குக்கே இது பொருந்தும். முறிவு உண்டா என்ற சோதனை முதலில் நடந்தாக வேண்டும்.

குதிகால் நாண்: வலியோடு செய்யும் பயிற்சி

ஓட்டக்காரர்களைப் பல மாதம் முடக்கிப்போடும் நோய் குதிகால் நாண் வலி. சுவீடனின் ஊமியா பல்கலைக்கழகத்து எலும்பு மருத்துவர் ஹோகன் ஆல்ஃபிரெட்சனுக்கே அந்த நோய் இருந்தது. அறுவை செய்துகொள்ள அவர் விரும்பியும் துறைத் தலைவர் ஒப்பவில்லை. நாணை இன்னும் கெடுத்துக்கொண்டால் அறுவைக்கு வழி பிறக்கும் என்று கருதி அவர் வலியையும் பொருட்படுத்தாமல் கனமான பயிற்சி செய்தார். வலிதான் போயிற்று.

1998இல் அவர் வெளியிட்ட ஆய்வில் பதினைந்து ஓட்டக்காரர்கள் இருந்தார்கள். படியின் விளிம்பில் முன்பாதத்தை ஊன்றி, குதிகாலை மெல்லக் கீழே இறக்க வேண்டும். முழங்காலை நீட்டி மூன்று சுற்று, மடக்கி மூன்று சுற்று, சுற்றுக்குப் பதினைந்து முறை. காலையும் மாலையும் செய்தால் நாளொன்றுக்கு 180 முறை. பன்னிரண்டு வாரம், ஒரு நாளும் விடாமல். வலித்தாலும் தொடர வேண்டும், வலி குறைந்தால் முதுகுப்பையில் எடை கூட்ட வேண்டும். பதினைந்து பேரும் ஓட்டத்துக்குத் திரும்பினார்கள்.

பின்வந்த ஆய்வுகள் இந்த முறையின் எந்தப் பகுதி இன்றியமையாதது என்று பிரித்துப் பார்த்தன. கோபன்ஹேகனில் 2015இல் வெளியான ஆய்வு, வாரத்துக்கு மூன்று நாள் மட்டும் கனமான எடையை மெதுவாக ஏற்றி இறக்கும் முறையை இதனோடு ஒப்பிட்டது. பலன் இரண்டிலும் ஒன்றே. அப்படியானால் மருந்தாக வேலை செய்தது கீழிறக்கும் அசைவு மட்டுமில்லை, கனமான சுமையும்தான். சுவீடனின் கோதன்பர்க்கில் காரின் சில்பர்னாகலும் குழுவினரும் 2007இல் இன்னொரு அச்சத்தைக் களைந்தார்கள். பத்துக்கு ஐந்தைத் தாண்டாத வலியோடு ஓட்டத்தைத் தொடர்ந்தவர்களும், ஓட்டத்தை நிறுத்திவைத்துப் பயிற்சி மட்டும் செய்தவர்களும் ஒரே அளவு தேறினார்கள். வலி என்பது நிறுத்து என்ற ஆணையாக இருந்தது போய், வேகத்தைக் காட்டும் முள்ளாக மாறியது.

பின்தொடைத் தசை: ஒன்பது நாள் தாமதத்தின் விலை

வேகமாக ஓடும்போது முன்னால் வீசிய காலை நிறுத்திப் பின்னிழுப்பது பின்தொடைத் தசை. நீண்டுகொண்டே இழுக்க வேண்டிய அந்தக் கணத்தில் அது கிழிகிறது. கோபன்ஹேகனில் தொடை அல்லது கெண்டைக்கால் தசை கிழிந்த 50 வீரர்களை இரு குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு குழு இரண்டாம் நாள் பயிற்சியைத் தொடங்கியது, மற்றது ஒன்பதாம் நாள். 2017இல் வெளியான முடிவில், முதல் குழுவின் இடைநிலை வீரர் 62.5 நாளில் ஆட்டத்துக்குத் திரும்பினார், மற்றக் குழுவில் 83 நாள் ஆனது. தொடக்கத்தில் ஒரு வாரம் காத்திருந்ததற்கு முடிவில் மூன்று வாரம் விலை கொடுக்க வேண்டியிருந்தது.

எந்தப் பயிற்சி என்பதும் முக்கியம். லிங் 1813இல் தொடங்கிய கழகம் இன்று ஸ்டாக்ஹோமின் விளையாட்டு, உடல்நல அறிவியல் உயர்கல்வி நிறுவனம். அங்கே கார்ல் ஆஸ்க்லிங், சுவீடனின் 75 முன்னணிக் கால்பந்து வீரர்களிடம் இரண்டு பயிற்சித் தொகுப்புகளை ஒப்பிட்டார். தசையை நீளவிட்டுச் சுமையேற்றும் தொகுப்பைச் செய்தவர்கள் சராசரியாக 28 நாளில் திரும்பினார்கள், வழக்கமான தொகுப்பைச் செய்தவர்கள் 51 நாளில்.

காயம் வருமுன் அதே சுமையைக் கொடுத்தால் காயமே குறைகிறது. மண்டியிட்டு நிற்பவரின் கணுக்கால்களைத் தோழர் பிடித்துக்கொள்ள, உடலை நேராக வைத்து மெல்ல முன்னோக்கிச் சாயும் பயிற்சிக்கு நார்டிக் பயிற்சி என்று பெயர். கருவி எதுவும் வேண்டாம். டென்மார்க்கில் 50 அணிகளின் 942 வீரர்களிடம் நடந்து 2011இல் வெளியான ஆய்வில், இதைச் செய்த அணிகளில் 15 பின்தொடைக் காயங்கள், செய்யாத அணிகளில் 52. இவ்வளவு தெளிவான சான்று இருந்தும், ஐரோப்பாவின் முதல்தரக் கழகங்களில் பத்தில் ஒரு பங்கு அளவே இதை முழுமையாகக் கடைப்பிடித்தன என்று 2015இல் வெளியான கணக்கெடுப்பு காட்டியது. ஆய்வகத்தில் உறுதியான ஒன்று மைதானத்துக்குப் போய்ச் சேர்வது தனிவேலை. அதையும் பல்கலைக்கழகங்களே ஆய்வுப்பொருளாக எடுக்க வேண்டியிருக்கிறது.

முழங்கால்: நாட்காட்டியும் சோதனையும்

விளையாட்டு வீரர்கள் மிகவும் அஞ்சுவது முன்சிலுவைப் பிணைநார் கிழிவுக்கு. 'ஏ.சி.எல். போய்விட்டது' என்று மைதானத்தில் சொல்வது இதைத்தான். தொடையெலும்புக்கும் கீழ்க்கால் எலும்புக்கும் நடுவே குறுக்காக ஓடும் அது, கீழ்க்கால் எலும்பு முன்னுக்கு நழுவாமலும் திருகிக்கொள்ளாமலும் காக்கிறது. பெரும்பாலும் யாரும் மோதாமலேயே கிழிகிறது. ஓஸ்லோவின் விளையாட்டுக் காய ஆய்வு மையம் காணொளிகளைப் பகுத்துப் பார்த்தபோது, கால் தரையைத் தொட்ட 40 மில்லி நொடி அளவில் கிழிவு நிகழ்வது தெரிந்தது. தவறிய அடியை யோசித்துத் திருத்திக்கொள்ள அந்த நேரம் போதாது. சரியான அடி முன்கூட்டியே உடலில் பழகியிருக்க வேண்டும். அதே மையம் 120 நார்வே ஹேண்ட்பால் கழகங்களின் 1,837 இளையோரிடம் தாவி இறங்கும் பயிற்சியையும் சமநிலைப் பயிற்சியையும் சேர்த்துக் கொடுத்தது. முழங்கால், கணுக்கால் காயங்கள் பாதியாகக் குறைந்ததை 2005இல் அறிவித்தது.

கிழிந்த பிணைநாருக்குப் பதிலாக வேறிடத்து நாணை எடுத்துப் பொருத்துவது வழக்கம். அறுவைக்குப் பின் காலை வாரக்கணக்கில் அசையாமல் கட்டி வைப்பதும் ஒருகாலத்தில் விதியாக இருந்தது. 1990இல் அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் நகர அறுவை மருத்துவர் டொனால்ட் ஷெல்போர்ன் ஒரு கண்டறிதலை வெளியிட்டார். மருத்துவர் சொன்னதைக் கேட்காமல் முன்கூட்டியே காலை ஊன்றி நடந்த நோயாளிகள் கெட்டுப்போகவில்லை, சொன்னதைக் கேட்டவர்களைவிட நன்றாகவே தேறியிருந்தார்கள். சொல்பேச்சு கேளாதவர்களைக் கண்டிப்பதோடு நிற்காமல் கவனித்துப் பார்த்ததால் மறுவாழ்வு முறையே மாறியது. முதல் நாளிலிருந்து முழங்காலை முழுதாக நீட்டுவதும், தாங்கும் அளவு ஊன்றுவதும் வழக்கமாயின.

முன்தொடைத் தசையின் வலுவைத் திரும்பப் பெறுவதுதான் இங்கே கடினமான வேலை. மூட்டில் நீர் கோத்துக்கொண்டால் தண்டுவடம் அந்தத் தசையைத் தானாகவே அடக்கிவிடுகிறது. நல்ல முழங்காலில் உப்புநீரை ஏற்றிய சோதனைகளிலேயே தசை தளர்ந்தது. மனத்திண்மையால் மட்டும் இதை வெல்ல முடியாது. வீக்கத்தை வடிப்பதும், மின்தூண்டலால் தசையைச் சுருங்கச் செய்வதும் பயிற்சிக்கு வழி திறக்கின்றன. அமெரிக்காவின் டெலவேர் பல்கலைக்கழகத்தில் லின் ஸ்னைடர்-மேக்லர் குழுவினர் இந்த மின்தூண்டலை நெடுங்காலம் ஆராய்ந்திருக்கிறார்கள்.

எல்லோருக்கும் அறுவை வேண்டுமா என்ற கேள்வியை சுவீடனின் லுண்ட் பல்கலைக்கழகம் நேரடியாகச் சோதித்தது. உடலுழைப்பில் ஈடுபட்ட 121 இளையோரைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பாதிக்கு உடனடி அறுவையும் பயிற்சியும், மறுபாதிக்குப் பயிற்சி மட்டும் கொடுத்தார்கள். தேவைப்பட்டால் இரண்டாம் குழுவினர் பின்னர் அறுவை செய்துகொள்ளலாம். 2010இல் ரிச்சர்ட் ஃப்ரோபெல் குழுவினர் வெளியிட்ட முடிவில், இரண்டு ஆண்டுக்குப் பின் இரு குழுக்களின் முழங்கால் நிலையும் ஒன்றாகவே இருந்தது. பயிற்சியோடு தொடங்கிய 59 பேரில் 23 பேர் பின்னர் அறுவைக்குப் போனார்கள். ஐந்தாண்டில் அப்படிப் போனவர்கள் குழுவில் பாதியளவு ஆனார்கள். மறுபாதிக்கு அறுவையே தேவைப்படவில்லை. முன்னணிப் போட்டியாளர்கள் இந்த ஆய்வில் இல்லாததால், அவர்களுக்கு இம்முடிவு அப்படியே பொருந்தும் என்று கொள்ள முடியாது.

மீண்டும் ஆடலாமா என்பதற்கு ஆறு மாதம் என்று நாட்காட்டி பார்த்துச் சொல்வது வழக்கம். டெலவேரும் ஓஸ்லோவும் சேர்ந்து 106 பேரை இரண்டு ஆண்டு பின்தொடர்ந்தன. 2016இல் வெளியான முடிவுகளின்படி, ஒன்பது மாதம்வரை ஆட்டத்தைத் தள்ளிவைத்த ஒவ்வொரு மாதத்துக்கும் மறுகாய வீதம் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. தசை வலு, ஒற்றைக்காலில் தாவும் தூரம் ஆகியவற்றில் நல்ல காலின் திறனில் 90 விழுக்காட்டை எட்டுவது உள்ளிட்ட சோதனைகளில் தேறியவர்களில் 5.6 விழுக்காட்டினருக்கே மறுகாயம் வந்தது. தேறாமல் ஆடப் போனவர்களில் அது 38.2 விழுக்காடு.

உடல் தேறியும் ஆடப் போகாதவர்கள் பலர். ஆஸ்திரேலியாவின் லா ட்ரோப் பல்கலைக்கழகத்தில் க்ளேர் ஆர்டெர்ன் குழுவினர் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, பழைய தரத்துக்குத் திரும்பியவர்கள் மூன்றில் இரண்டு பங்கு அளவே இருந்தார்கள். தடுத்து நிறுத்தியவற்றுள் முன்னால் நின்றது மறுபடி கிழிந்துவிடுமோ என்ற அச்சம். அதே பல்கலைக்கழகத்தின் கேட் வெப்ஸ்டர் அந்த அச்சத்தை அளக்கப் பன்னிரண்டு கேள்விகள் கொண்ட அளவுகோலை 2008இல் உருவாக்கியிருந்தார். தசைக்கு எடை கூட்டுவதுபோல, நம்பிக்கைக்கும் படிப்படியாகச் சூழலைக் கடுமையாக்கித்தான் பயிற்சி தர வேண்டியிருக்கிறது.

வேகப்பந்து வீச்சாளரின் முதுகு

சுமை குறைந்தால் திசு தளரும், ஆற நேரமின்றி மிகுந்தால் முறியும். இதற்குத் தெளிவான உதாரணம் வேகப்பந்து வீச்சாளரின் இடுப்பு முதுகெலும்பு. முன்கால் தரையில் மோதும்போது உடல் எடையைப்போல் பலமடங்கு விசை ஏறுகிறது. அதே கணத்தில் முதுகு வளைந்து திரும்புகிறது. ஓவர் ஓவராக இது தொடர்ந்தால் எலும்பில் நுண்விரிசல் விழுகிறது.

1973இல் ஆஸ்திரேலிய வீரர் டென்னிஸ் லில்லிக்கு அப்படித்தான் முதுகெலும்பில் விரிசல்கள் விழுந்தன. உடம்பைச் சுற்றி வாரக்கணக்கில் மாவுக்கட்டு. அதன்பின் மேற்கு ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகத்தின் உடற்கல்வி அறிஞர் ஃபிராங்க் பைக் அவருக்கென்று பயிற்சித் திட்டம் வகுத்தார். 1974-75 ஆஷஸ் தொடரில் திரும்பிவந்த லில்லி 25 விக்கெட் எடுத்தார். அதே பல்கலைக்கழகத்தில் புரூஸ் எலியட், டேரில் ஃபாஸ்டர் ஆகியோர் இளம் வேகப்பந்து வீச்சாளர்கள் 82 பேரை ஒரு பருவம் முழுவதும் கவனித்தார்கள். 1989இல் வெளியான கணக்கின்படி 11 விழுக்காட்டினருக்கு முதுகெலும்பில் விரிசல் விழுந்தது. இடுப்பு ஒரு பக்கமும் தோள் வேறு பக்கமுமாகத் திரும்பும் கலப்புப் பாணி வீச்சு முதுகைக் கெடுக்கிறது என்பதை அவர்களின் தொடர் ஆய்வுகள் நிறுவின. 1987இல் சென்னையில் எம்.ஆர்.எஃப். வேகப்பந்துப் பயிற்சியகம் தொடங்கியபோது அதற்கு வழிகாட்ட வந்தவரும் லில்லியே. அந்தப் பல்கலைக்கழக ஆய்வின் அனுபவம் அவரோடு தமிழ்நாட்டுக்கும் வந்தது.

இந்த ஆய்வுகளின் தொடர்ச்சியாக இளையோருக்கு ஓவர் வரம்புகள் வந்தன. இங்கிலாந்து கிரிக்கெட் வாரியம் பல்லாண்டுகளாகப் பின்பற்றிய விதிப்படி, 13 வயதுக்குட்பட்டவர் ஒரு தவணையில் 5 ஓவரும் ஒரு நாளில் 10 ஓவரும் வீசலாம். 15 வயதுக்குட்பட்டவருக்கு அவை 6, 12. நல்ல வேகத்தில் வீசும் பையனையே நாள் முழுதும் வீசவைக்கும் பள்ளிப் பயிற்சியாளர்கள் அறிந்திருக்க வேண்டிய எண்கள் இவை.

கடந்த ஒரு வாரச் சுமையைக் கடந்த நான்கு வாரச் சராசரியால் வகுத்துக் காய அபாயத்தைக் கணிக்கும் முறை 2014க்குப் பின் அணிகளிடையே வேகமாகப் பரவியது. அந்த விகிதத்தின் கணக்கிலேயே குறை இருப்பதையும், அது காயத்துக்குக் காரணம் என்று நிறுவப்படவில்லை என்பதையும் சிட்னி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் ஃபிராங்கோ இம்பெலிஸ்ஸேரி போன்றோர் எடுத்துக்காட்டினார்கள். சுமையைத் திடீரென்று ஏற்றக் கூடாது என்ற பொதுவறிவு நிற்கிறது. அதற்கு ஒரு மந்திர எண் உண்டு என்ற நம்பிக்கைதான் தளர்ந்தது. தன் முடிவைத் தானே மறுத்துத் திருத்திக்கொள்வது ஆய்வின் பலம்.

சான்றை எடைபோடுதல்

இயன்முறை ஆய்வுக்கு இயல்பான சில இடர்கள் உண்டு. மாத்திரையைப்போல் போலிப் பயிற்சி கொடுத்து நோயாளியை அறியாமல் வைத்திருக்க முடியாது. எண்ணிக்கை பெரும்பாலும் சிறியது. ஆல்ஃபிரெட்சனின் புகழ்பெற்ற ஆய்வில் பயிற்சி செய்தவர்கள் பதினைந்தே பேர். எனவே ஓர் ஆய்வின் முடிவைவிட, பல ஆய்வுகளின் தொகுப்புக்கு மதிப்பு அதிகம். சிட்னி பல்கலைக்கழகத்தில் 1999இல் தொடங்கிய பெட்ரோ என்ற தரவுத்தளம், உலகெங்கும் வெளிவரும் இயன்முறைச் சோதனைகளைத் திரட்டி, ஒவ்வொன்றின் தரத்தையும் பத்துக்கு இத்தனை என்று மதிப்பிட்டு இலவசமாகத் தருகிறது. மாவட்டத் தலைநகரில் தனியே சிகிச்சையகம் நடத்துகிறவரும் கைப்பேசியில் அதைப் பார்க்கலாம்.

இன்னொரு குறை, யாரை ஆராய்ந்தார்கள் என்பதில் இருக்கிறது. மேலே கண்ட ஆய்வுகள் மிகுதியும் வட ஐரோப்பாவிலும் ஆஸ்திரேலியாவிலும் கால்பந்து, ஹேண்ட்பால், கிரிக்கெட் ஆகியவற்றில் நடந்தவை. முன்சிலுவைப் பிணைநார் கிழியும் வாய்ப்பு ஒரே ஆட்டத்தை ஆடும் ஆண்களைவிடப் பெண்களுக்குக் கூடுதல் என்பது நன்கு தெரிந்தும், பெண்களைப் பற்றிய ஆய்வு குறைவாகவே இருந்துவருகிறது. மண்தரையிலும் பாய்விரிப்பிலும் வெறுங்காலோடும் ஆடப்படும் ஆட்டங்களுக்கு அந்த எண்களை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது.

தமிழ்நாட்டில் செய்ய வேண்டியது

தமிழ்நாட்டில் இதற்கான அடித்தளம் இருக்கிறது. டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழ்ப் பல கல்லூரிகளில் இயன்முறை இளநிலை, முதுநிலைப் படிப்புகள் நடக்கின்றன. உடற்கல்விக்கும் விளையாட்டுக்கும் தனிப் பல்கலைக்கழகம் மேலக்கோட்டையூரில் இருக்கிறது. போரூர் ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தில் விளையாட்டு அறிவியல் மையம் இயங்குகிறது. முதுநிலை மாணவர் ஒவ்வொருவரும் ஓர் ஆய்வேடு எழுதியாக வேண்டும். இந்த ஆய்வேடுகள் தனித்தனிச் சிறு முயற்சிகளாகச் சிதறாமல், பல கல்லூரிகள் ஒரே கேள்வியை ஒரே அளவுகோலால் ஆராய்ந்தால், ஐரோப்பியப் பல்கலைக்கழகங்கள் திரட்டிய எண்ணிக்கையை இங்கும் எட்டலாம்.

தொடங்க வேண்டிய இடம் தெளிவானது. ஆம்ஸ்டர்டாமின் வில்லெம் வான் மெஹெலன் 1992இல் காயத்தடுப்பு ஆய்வுக்கு நான்கு படிகளை வகுத்தார்: காயங்களின் அளவைக் கணக்கெடுத்தல், காரணத்தைக் கண்டறிதல், தடுப்பு முறையைப் புகுத்தல், மறுபடி கணக்கெடுத்துப் பலனைப் பார்த்தல். கபடிக்கும் சிலம்பத்துக்கும் பள்ளி மாணவியரின் தடகளத்துக்கும் முதல் படியிலிருந்தே வேலை தொடங்க வேண்டும்.

அதற்கு விலையுயர்ந்த கருவி வேண்டியதில்லை. ஒவ்வோர் அணிக்கும் ஒரு பதிவேடு போதும். யார் எத்தனை மணி நேரம் ஆடினார், பயிற்சி செய்தார் என்பதும், காயம் எந்த உறுப்பில், எந்தத் தரையில், பாடிப் போகும்போதா பிடிக்கும்போதா என்பதும், எத்தனை நாள் ஆட்டம் தடைப்பட்டது என்பதும் அதில் இருக்க வேண்டும். ஆயிரம் ஆட்ட மணி நேரத்துக்கு இத்தனை காயம் என்ற கணக்கு கைக்கு வந்தால்தான், எந்தப் பயிற்சி அதைக் குறைக்கிறது என்ற அடுத்த கேள்வியைக் கேட்க முடியும். வாரம் ஒருமுறை எடையை மறுபடி அளந்த டிலோர்மின் பழக்கத்தை அணி அளவில் செய்வதே இந்தப் பதிவேட்டு வேலை. அளந்து பார்த்த பின்பே சுமையைக் கூட்டவோ குறைக்கவோ முடியும்.